வெயிலுக்கு முன்னாடி ஓடிப்போய்ட்டு வந்துடணும்

மன்னார்குடியில இருந்து கல்யாணமாகி மெட்ராஸ் வந்து பதினாலு வருஷம் ஆச்சு. அதுல மொத பத்து வருஷம் நான் ஓயாம சொன்ன ஒரே டயலாக் "இந்த ஊர்ல மனுஷன் நின்னு மூச்சு விட ஒரு எடம் இருக்கா"ங்கறதுதான். மடிப்பாக்கத்துல மூணாவது மாடி, பால்கனியில நின்னா எதிர்வீட்டு ஏசி மெஷின் சூடான காத்தை நேரா மூஞ்சியில ஊதும். ஞாயித்துக்கிழமை ஆனா வேற வழியில்லாம மால், பார்க்கிங்கு, பாப்கார்னு, பையனுக்கு அந்த டோக்கன் கேமுன்னு ரெண்டாயிரம் ரூவா போன எடம் தெரியாது, வீட்டுக்கு வந்தா எல்லாருக்கும் தலைவலி.

வெளிய போகாம இல்ல, போனோம், ஆனா போன நேரமெல்லாம் தப்பு. மத்தியானம் சாப்ட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு நாலு மணிக்கு கிளம்புவோம், பெசன்ட் நகர் போய் சேர அஞ்சரை, வண்டி நிறுத்த அரை மணி நேரம், மணல்ல கால் வெக்க எடமில்லாத கூட்டம், ரெண்டு தட்டு பஜ்ஜி தின்னுட்டு திரும்பிடுவோம். இது பத்தாதுன்னு ஒரு தடவை நாத்தனார் குடும்பம் ஊர்ல இருந்து வந்திருந்தாங்க, மொத்தம் ஏழு பேர், ரெண்டு ஆட்டோ புடிச்சு கிண்டி சிறுவர் பூங்காவுக்கு போறோம், கேட்டு பூட்டிக் கிடக்கு. செவ்வாக்கிழமை லீவாம். சரி வண்டலூர் ஜூ போலாம்னு நாத்தனார் வீட்டுக்காரர் ஆரம்பிச்சாரு, நல்லவேளை ஆட்டோக்காரர் "அதுவும் இன்னிக்கு லீவுதாம்மா"ன்னு காப்பாத்தி விட்டாரு. அன்னிக்கே எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். கிண்டி, பக்கத்துல இருக்கற பாம்புப் பண்ணை, வண்டலூர் மூணும் செவ்வாய் லீவு. அடையாறு தியோசாபிகல் சொசைட்டி ஞாயித்துக்கிழமை உள்ள விடமாட்டாங்க, மத்த நாள்லயும் காலையில கொஞ்ச நேரம் மத்தியானத்துக்கு மேல கொஞ்ச நேரம் அவ்ளோதான், போன் பண்ணி கேட்டுட்டு கிளம்புங்க. இந்த டைமிங் எல்லாம் அப்பப்ப மாத்துவாங்க, ரெண்டு வருஷம் முன்னாடி எவரோ போட்ட வீடியோவ நம்பி குடும்பத்தோட கிளம்பிடாதீங்க.

எல்லாம் மாறினது பையனோட ஹோம்வொர்க்கால. நாலாம் கிளாஸ் படிக்கும்போது, வீட்டுக்கு பக்கத்துல பாத்த பத்து பறவை எழுதிட்டு வான்னு மிஸ் சொல்லிட்டாங்க. அவன் காக்கா, புறா, கோழின்னு மூணு எழுதிட்டு பென்சிலை கடிச்சிட்டு உக்காந்திருக்கான். கோழியும் பக்கத்து தெரு கறிக்கடையில பாத்தது. அத்தைக்கு, அதான் என் மாமியாருக்கு, சிரிப்பு தாங்கல. "ஏம்மா, நம்ம ஊர்ல மாடு மேய்க்கற புள்ள கூட இருவது சொல்லுமே"ன்னாங்க. அது எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒரு பொண்ணுதான் சொன்னா, "அக்கா நீங்க பள்ளிக்கரணை சதுப்பு நெலம் பக்கத்துலயே இருந்துட்டு இப்படி புலம்பலாமா, பிப்ரவரி மாசம் காலையில ஆறரைக்கு அதை ஒட்டிப் போற ரேடியல் ரோட்டுக்கு போங்க"ன்னு.

பள்ளிக்கரணைன்னா எனக்கு தெரிஞ்சதெல்லாம் குப்பை மேடும் அந்த நாத்தமும்தான், பஸ்ல போகும்போது ஜன்னலை சாத்திடுவேன். இருந்தாலும் ஒரு சனிக்கிழமை, ஸ்கூட்டியில முன்னாடி பையன், பின்னாடி அத்தை (ஹெல்மெட் ஒண்ணுதான் இருந்துச்சு, அது தப்புதான், ஒத்துக்கறேன்), இருட்டு பிரியும்போது கிளம்பிட்டோம். பனி மாதிரி ஒரு மூட்டம் தண்ணி மேல நிக்குது. மொதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் பையன் "அம்மா அங்க வெள்ளையா நிறைய"ன்னான். பூநாரை. முந்நூறு நானூறு இருக்கும். தலைய தண்ணிக்குள்ள தலைகீழா விட்டு, காலை மாத்தி மாத்தி சேத்தை மிதிச்சிக்கிட்டே நகருதுங்க, பாக்க நடவு நடற பொம்பளைங்க வரிசையா பின்னாடி நகர்ற மாதிரியே இருக்கு. போட்டோல பாக்கற ரோஸ் கலர் எங்கடான்னு தேடிட்டே இருந்தேன், நிக்கும்போது பாதி வெள்ளைதான். ஒரு நாய் குலைச்சுது, ஒரு ஓரத்துல இருந்ததுங்க எழும்பிச்சு, றெக்கைய விரிச்சதும் பாருங்க, உள்பக்கம் அப்படி ஒரு செவப்பும் கருப்பும். பையன் வாயை மூடல. பின்னாடி ஐடி கம்பெனி கண்ணாடி கட்டடம், முன்னாடி இது.

அத்தைதான் அன்னிக்கு ஹீரோயின். எனக்கு எல்லாமே கொக்கு. அவங்க ஒண்ணொண்ணா சொல்றாங்க, "அது மடையான்டா, நம்ம நாத்தங்கால்ல குந்தியிருக்கும் பாரு. அது ஆக்காட்டி, ஆளைப் பாத்தா ஊரைக் கூட்டும். அது முக்குளிப்பான், இங்க முழுவினா அங்க எழுந்திருக்கும்." நத்தைய அலகால புடிச்சு திறந்து திங்கற ஒரு பெரிய நாரை, அலகை மூடினாலும் நடுவுல ஒரு சந்து தெரியும், அது நத்தைகுத்தி. பையன் நோட்டு பத்தைத் தாண்டி பதினேழுல நின்னுச்சு. கடைசியில அத்தை மடையானை பாத்துட்டு "வறுத்தா நல்லாருக்கும்"னு மெதுவா சொன்னாங்க, பையன் "அப்பாயி! புடிச்சா ஜெயில்ல போடுவாங்க"ன்னு கத்திட்டான்.

அந்த சதுப்பு நெலம் ஒரு காலத்துல அம்பது சதுர கிலோமீட்டருக்கு மேல இருந்ததாம், இப்ப மிச்சம் கெடக்கறது பத்துல ஒரு பங்கு மாதிரிதான். 2022ல ராம்சர் எடம்னு, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அறிவிச்சதால இதுவாவது நிக்குது. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் குத்துது, ஏன்னா நாங்க குடியிருக்கற ஏரியாவே தண்ணி நின்ன எடம்தான், 2015 டிசம்பர்ல கீழ்வீட்டுக்காரங்க கட்டில் மெதந்ததை இந்தக் கண்ணால பாத்தேன்.

அங்க போறவங்களுக்கு சில விஷயம். ரேடியல் ரோட்டுல வண்டிங்க பறக்கும், நடு ரோட்டோரம் நிறுத்திட்டு செல்ஃபி எடுக்காதீங்க. அங்கயே வனத்துறை எக்கோ பார்க் ஒண்ணு 2021ல இருந்து இருக்கு, நடக்கற பாதை, உக்கார எடம் எல்லாம் உண்டு, பெரியவங்களை கூட்டிட்டு போனா அதான் வசதி. வெயில் உங்க முதுகுல படற மாதிரி நில்லுங்க, எதிர்வெயில்ல பாத்தா எல்லாமே கருப்பு நிழலாதான் தெரியும், இது தெரியாம மொத நாள் பாதி நேரம் போச்சு. பைனாகுலர் வாங்கறதா இருந்தா எட்டு மடங்கு போதும், பெருசா தெரியணும்னு இருவது மடங்கு வாங்கினீங்கன்னா கை நடுக்கத்துல ஒண்ணுமே நிக்காது. நான் வாங்கிட்டு அனுபவிச்சவ. காத்து குப்பை மேட்டுப் பக்கம் இருந்து அடிச்சா நாத்தம் வரத்தான் செய்யும், அரை மணி நேரத்துல மூக்கு பழகிடும்.

அப்பதான் எனக்கு மண்டையில ஏறுச்சு, இந்த ஊர்ல எங்க போறோம்ங்கறதை விட எப்ப போறோம்ங்கறதுதான் கணக்கு. காலையில அஞ்சரைல இருந்து எட்டு வரைக்கும் இருக்கற மெட்ராஸ் ஒரு ஊரு, அதுக்கு மேல இருக்கறது வேற ஊரு. நவம்பர் பாதியில இருந்து மார்ச் வரைக்கும்தான் நமக்கு சீசன், மழை விட்ட மறுநாள் எல்லாம் தங்கம். ஏப்ரல்ல ஏழரைக்கே வேர்த்து ஊத்தும். மே 4ல இருந்து 28 வரைக்கும் கத்திரி, அப்ப நான் எங்கயும் பிளான் போடறதில்ல, சரக்கொன்றை பூத்திருக்கான்னு ரோட்டுல அண்ணாந்து பாக்கறதோட சரி. கோடைக்காலத்துல மத்தியானத்துக்கு மேல கடக்காத்து உள்ள வரும், திருவான்மியூர்ல நின்னா அது வந்தது உடம்புக்கே தெரியும், ஆனா மடிப்பாக்கம் வந்து சேர்றதுக்குள்ள அதுக்கும் டிராஃபிக்ல மாட்டின மாதிரி சூடாகிடும். ஆனி ஆடியில மேக்காத்து பலமா இருந்தா கடக்காத்து சாயங்காலம் வரைக்கும் எட்டிப் பாக்காது, அந்த நாள்ல நாலு மணிக்கு பீச்சுக்கு போறது அடுப்பங்கரைக்கு போற மாதிரி.

சரி ஆர்வம் வந்துடுச்சு, அடுத்து என்ன, காசு குடுத்து ஏமாறணும் இல்ல? ஒரு குரூப்பு, பேர் வேண்டாம், "இயற்கை நடை"ன்னு விளம்பரம், ஆளுக்கு 900 ரூவா. போனா நாப்பத்தஞ்சு பேரு, முன்னாடி ஒருத்தர் மைக்ல பேசறாரு, அந்த சத்தத்துல அணில் கூட ஓடிடுச்சு. பாதி நேரம் குரூப் போட்டோ, மீதி நேரம் டீஷர்ட் விக்கறாங்க. திரும்ப வரும்போது வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, அதுதான் இன்னும் கடுப்பு. அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, இந்த ஊர்ல உருப்படியான நடையெல்லாம் பெரும்பாலும் சும்மாவே நடக்குது. நிழல்னு ஒரு அமைப்பு மரம் பாக்க கூட்டிட்டு போறாங்க, கோட்டூர்புரத்துல அவங்க பாத்துக்கற மரப்பூங்கா இருக்கே, நம்ம ஊரு மரங்களா வெச்சிருக்காங்க, முன்னாடி அது குப்பை கொட்டின எடமாம், இப்ப போனா நம்பவே மாட்டீங்க. அங்கதான் ஒருத்தர் சொன்னாரு, 2016 டிசம்பர் வர்தா புயல்ல விழுந்ததுல பாதிக்கு மேல அந்த அழகழகா பூக்கற வெளிநாட்டு மரங்களாதான் இருந்துச்சு, வேம்பும் பூவரசும் பனையும் பெரும்பாலும் தாங்கிடுச்சுன்னு. எங்க தெருவுலயும் விழுந்தது ரெண்டு குல்மோஹர், நின்னது வேம்பு. இப்ப ஸ்கூட்டி நிறுத்தும்போது கூட எந்த மரத்தடின்னு பாத்துதான் நிறுத்தறேன்.

நான் பண்ணதுலயே பெரிய விஷயம்னா ஆமை நடைதான். இதையும் காசு வாங்காம 1988ல இருந்து மாணவர்கள் நடத்தறாங்க, கடல் ஆமைகளைக் காப்பாத்தற மாணவர் அமைப்பு, சுருக்கமா எஸ்எஸ்டிசிஎன்னு சொல்வாங்க. ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை முட்டை போட நம்ம கரைக்கு வரும், ராத்திரி முழுக்க நீலாங்கரையில இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ஏழு கிலோமீட்டர் மாதிரி மணல்ல நடந்து முட்டைய தேடி எடுத்து வேலி போட்ட குஞ்சு பொரிப்பு எடத்துல பொதைக்கறாங்க, விட்டா நாய் தோண்டிடும். வார கடைசியில பொதுமக்களையும் சேத்துப்பாங்க.

நான் புது ஷூ போட்டுட்டு, பெரிய டார்ச் எடுத்துட்டு, முதுகுல ஒரு மூட்டை சுமந்துட்டு போனேன். மூணுமே தப்பு. ஷூவுக்குள்ள மணல் ஏறி ஒரு கிலோமீட்டர்ல கழட்டி கையில தூக்கிட்டேன். டார்ச்சை ஆன் பண்ண உடனே காலேஜ் படிக்கற ஒரு தம்பி "ஆன்ட்டி லைட்ட அணைங்க, ஆமை திரும்பி போயிடும்"னு அதட்டினான், என் பையன் வயசுக்கு கொஞ்சம்தான் மூத்தவன், அணைச்சிட்டேன். மொத ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே இல்ல. செருப்பு, பாட்டில், அறுந்த வலை, ஒரு செத்த ஆமை. கண்ணு பிதுங்கி இருந்துச்சு, இழுவை வலையில மாட்டி மூச்சு முட்டினதுன்னு சொன்னாங்க, ஆமையும் மேல வந்து மூச்சு விடணும்ல. 2025 ஜனவரியில இப்படி நூத்துக்கணக்குல ஒதுங்கிச்சே, அது ஞாபகம் வந்து யாரும் பேசவே இல்ல.

மூணு மணி இருக்கும். முன்னாடி போனவங்க நின்னுட்டாங்க. மணல்ல டிராக்டர் டயர் போன மாதிரி தடம், கடல்ல இருந்து ஏறி, மேட்டுல ஒரு கலைஞ்ச வட்டம், அங்கருந்து திரும்ப கடலுக்கு. ஆமை போயிடுச்சு. ஒரு பொண்ணு மெல்லிசான குச்சிய வெச்சு மணலை அங்கங்க குத்திப் பாத்தா, ஒரு எடத்துல குச்சி லேசா உள்ள வழுக்கிட்டு போச்சு. படுத்துக்கிட்டு கையால தோண்டினா, தோள்பட்டை வரைக்கும் உள்ள போகுது கை. குழி வாய் சின்னதா, கீழ அகலமா, நம்ம வீட்டு தண்ணிப் பானை மாதிரியே. மொத முட்டைய என் கையில குடுத்தா. பிங்பாங் பந்து சைஸு, ஆனா ஓடு கெட்டியா இல்ல, தோல் மாதிரி, அமுக்கினா குழி விழும், வெதுவெதுன்னு இருந்துச்சு. எண்ணிக்கிட்டே துணிப்பைல அடுக்கினோம், 114. அதே ஆழத்துக்கு, அதே பானை ஷேப்புல வேற குழி தோண்டி வெக்கணும். மணல் சூடு அதிகமா இருந்தா குஞ்சு பொட்டை, குளிர்ச்சியா இருந்தா ஆணுன்னு சொன்னப்ப எனக்கு தூக்கமே போயிடுச்சு.

வீட்டுக்கு வந்தது காலையில அஞ்சரை. மறுநாள் முழுக்க கெண்டைக்கால் வலி, அதுக்கு சொல்றேன், முன்னாடி ஒரு வாரம் தினமும் நடந்து பழகிட்டு போங்க, வெறுங்கால்ல நடக்கற மாதிரி போங்க, ஒரு பாட்டில் தண்ணியும் கொஞ்சம் கடலை மிட்டாயும் போதும். நடுவுல பாத்ரூம் எதிர்பாக்காதீங்க, பொம்பளைங்க கவனிச்சுக்கோங்க, கிளம்பற எடத்துலயே முடிச்சுக்கணும். ராத்திரி முழுக்க முடியாதவங்க, சின்னப் பசங்க இருக்கறவங்க, மார்ச் ஏப்ரல்ல சாயங்காலம் குஞ்சு விடறதை பாக்கலாம். பையனை அதுக்குத்தான் கூட்டிட்டு போனேன். உள்ளங்கையில பாதி கூட இல்ல, அலை வந்து தூக்கி எறிஞ்சா திரும்ப எழுந்து ஓடுது. ரெண்டு மூணு மட்டும் ரோட்டு விளக்கைப் பாத்து தப்பான பக்கம் திரும்பிடுச்சு, அதுங்களுக்கு கடலோட வெளிச்சம்தான் வழி, நாம ரோட்டுல லைட்டு போட்டு குழப்பிட்டோம்.

கடல்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். அதே பெசன்ட் நகர்ல ஒரு நாள் பையன் முட்டியளவு தண்ணியிலதான் நின்னான், நான் ரெண்டடி தள்ளி போனை பாத்துட்டு இருந்தேன். ஒரு இழுப்பு, உக்காந்துட்டான், அடுத்த இழுப்புல இன்னும் உள்ள. வலை பிரிச்சிட்டு இருந்த மீனவர் ஒருத்தர் ஓடி வந்து காலரை புடிச்சு தூக்கினாரு, அப்புறம் என்னை திட்டினாரு பாருங்க, எங்கப்பா கூட அப்படி திட்டினதில்ல. அவர்தான் காட்டினாரு, ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு நுரை தள்ளுது, நடுவுல ஒரு பட்டை மட்டும் நுரையே இல்லாம அமைதியா, கொஞ்சம் கலங்கலா கிடக்கு. நம்ம கண்ணுக்கு அதுதான் பத்திரமா தெரியும், ஆனா கரைக்கு வந்த தண்ணியெல்லாம் திரும்பி ஓடற வழி அது. மாட்டிக்கிட்டா கரையப் பாத்து மல்லுக்கட்டாம பக்கவாட்டுல போகணுமாம். அங்க நிக்குதே வளைவு மாதிரி வெள்ளை மண்டபம், 1930ல இதே கடல்ல ஒருத்தரைக் காப்பாத்தப் போய் முழுகின டென்மார்க் மாலுமி ஷ்மிட் ஞாபகமா கட்டினது, அதுக்கு முன்னாடி நின்னு எத்தனை போட்டோ எடுத்திருக்கேன், எதுக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப நாங்க கடலுக்கு போறது பாக்கறதுக்கும் நடக்கறதுக்கும்தான்.

பெரியவங்களோட போறதுக்கு எங்க வீட்டு அனுபவம். அத்தைக்கு முட்டி வலி. செம்மொழிப் பூங்கா, பழைய டிரைவ்-இன் ஹோட்டல் இருந்த எடம், 20 ஏக்கர், நல்லா பராமரிக்கறாங்க, ஆனா அவங்களுக்கு ரொம்ப டிப்டாப்பா இருக்காம், "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு"ன்னாங்க. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா சின்னது, ஆனா பெஞ்சு இருக்கு, மர நிழல் இருக்கு, பேச ஆள் இருக்கு, பக்கத்துலயே நல்ல காபி இருக்கு, அது புடிச்சுப் போச்சு. தியோசாபிகல் சொசைட்டிக்குள்ள இருக்கற அடையாறு ஆலமரம் காட்டினேன், நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு சொல்றாங்க, நடு மரம் 1989 புயல்ல சாஞ்சிடுச்சு, இப்ப நிக்கறதெல்லாம் விழுதுங்கதான். அத்தை ரொம்ப நேரம் அங்க நின்னாங்க, மாமா தவறிப்போன வருஷம் அது. நான் ஒண்ணும் கேக்கல.

பையனுக்கு புடிச்சது அண்ணா நகர் டவர் பார்க், 1968 உலக வர்த்தக கண்காட்சிக்காக கட்டின டவர், பல வருஷம் பூட்டி வெச்சிருந்து 2023ல திரும்ப திறந்தாங்க, சுத்திச் சுத்தி ஓடியே ஏறிடுவான். மேல இருந்து பாத்தா மெட்ராஸ்ல இவ்வளவு பச்சை இருக்கான்னு ஆச்சரியமா இருக்கும், கீழ ரோட்டுல நிக்கும்போது ஒண்ணுமே தெரியாதது எல்லாம்.

பைல நான் எப்பவும் வெச்சிருக்கறது தண்ணி, ஓடோமாஸ், ஒரு பழைய துண்டு (பெஞ்சு ஈரமா இருக்கும்), பிஸ்கட் பாக்கெட். பிஸ்கட் எங்களுக்கு இல்ல, விடிகாலையில ஸ்கூட்டிய தொரத்தற தெரு நாய்ங்களுக்கு. வண்டிய வேகமா ஓட்டினா இன்னும் தொரத்தும், நிறுத்திட்டா பெரும்பாலும் அதுங்களே குழம்பிப் போய் நின்னுடும், இது எங்க ஏரியா நாய்ங்களுக்கு, உங்க ஏரியாவுக்கு நான் கேரண்டி இல்ல. தனியா போற பொம்பளைங்க இருட்டுல ஆளில்லாத எடத்துக்கு போகவேண்டாம், அடையாறு முகத்துவாரத்துல இருக்கற உடைஞ்ச பாலம் பக்கம் விடிஞ்சு நடக்கறவங்க நடமாட்டம் வந்த அப்புறம் போங்க, சாயங்காலம் வேண்டவே வேண்டாம்.

எங்கயும் போக முடியலன்னா மொட்டை மாடி இருக்கு. பொங்கல் லீவுல நாலு நாள் தமிழ்நாடு முழுக்க பறவை கணக்கெடுப்பு நடக்குது, 2015ல ஆரம்பிச்சது, பதினஞ்சு நிமிஷம் ஒரே எடத்துல நின்னு பாத்ததை ஈபேர்டு ஆப்புல போட்டா போதும், யாரு வேணா செய்யலாம். இந்த பொங்கலுக்கு கரும்பை கடிச்சிக்கிட்டே நாங்க மூணு பேரும் மாடியில நின்னோம். காக்கா, மைனா, கரிச்சான், கிளி, தேன்சிட்டு, மேல பறந்த ஒரு பருந்து. கடைசி நிமிஷம் பக்கத்து காலி மனையில தேங்கின தண்ணியில ஒண்ணு வந்து இறங்குச்சு. பையன் பைனாகுலரை அத்தைகிட்ட நீட்டினான். அவங்க அதை வாங்காமயே சொன்னாங்க, "மடையான். எழுதிக்கோ. நான் ஒண்ணும் சொல்லலப்பா."